கட்டிய கையும் காத்திருக்கும் கடையும்

நம்மவர்களின் வியாபாரத்தில் தோளுக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஜவுளிக் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து துணிப் பேல்களை இழுத்து இறக்குகிறார். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை அட்டியில் ஏற்றுகிறார். சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசுகிறவரும் தே தாரிக் ஆற்றுகிறவரும் நாள் முழுதும் கையைத் தூக்கியபடியே நிற்கிறார்கள். இவை போதாவென்று காலையில் ஏற்றவும் இரவில் இறக்கவும் கடைக்கு இரும்பு ஷட்டர் ஒன்று இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகள் இவ்வாறு உழைத்த தோள், ஐம்பது அறுபது வயதில் தன் பாக்கியைக் கேட்க வருகிறது. கை தலைக்கு மேல் எழவில்லை, இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை என்று டாக்டரிடம் போகிறோம். கிழிந்த தோளையெல்லாம் தைக்க வேண்டியதில்லை. பயிற்சியினாலேயே சீர்ப்படுபவை பல உண்டு. ஆயினும் சிலருக்குத் தைத்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார்.

தைப்பது டாக்டரின் வேலை. அது ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் நாலு முதல் ஆறு வாரம் நம்முடைய வேலை. இந்தக் கட்டுரை அந்த ஆறு வாரத்தைப் பற்றியது.

நாம் அறிந்த ஜவுளி வியாபாரி ஒருவர் உண்டு. வலத் தோளில் ரணசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பத்து நாளில் வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டது என்று எண்ணி, பன்னிரண்டாம் நாள் 'சும்மா கல்லாவில் உட்காரத்தானே' என்று கடைக்கு வந்தார். கைத்தூளி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வெக்கை தாளாமல் கையை மட்டும் அதிலிருந்து எடுத்திருந்தார். இரவில் பையன்கள் சரக்கு எடுத்து வைக்கப் பின்கட்டுக்குப் போயிருந்த நேரம், பாதியில் நின்ற ஷட்டரை அவர் கை தானாகவே எட்டிப் பிடித்து இழுத்தது. 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது என்றார். தைத்தது பிரிந்துவிட்டது. மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. முதல் தடவை போல் அது எளிதாக இருக்கவில்லை.

அவர் மூடரல்லர். நாற்பது ஆண்டு கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிசகாதவர். அவர் செய்த பிழை ஒன்றே: வலி போனதும் புண் ஆறிவிட்டதென்று எண்ணினார். தோளில் இவ்விரண்டும் வெவ்வேறு. வலி முதலில் போகிறது. ஒட்டு வெகு நாள் கழித்தே பிடிக்கிறது. இடையிலுள்ள காலந்தான் ஆபத்தான காலம்.

இது ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம் உடம்பின் மூட்டுகளில் மிக அதிகமாகச் சுழலக் கூடியது தோள் மூட்டு. மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து போன்றது. அது பொருந்தும் குழியோ ஆழமற்ற சிறு தட்டு. பந்து பெரியது, தட்டு சிறியது. அப்பந்து நழுவாமல் நாற்புறமும் அணைத்துப் பிடிப்பவை நான்கு தசைகள். அவற்றின் முனைகள் தசைநார்களாகி எலும்பின் தலையைச் சுற்றிச் சட்டையின் கைமடிப்பைப் போல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று நாம் பேச்சில் சொல்வது பெரும்பாலும் இந்தத் தசைநார்களைத்தான். நான்கில் மேற்புறமாக வரும் நாரே அதிகமாகக் கிழிகிறது. அதற்கு மேலே எலும்புக் கூரை இருக்கிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் நார் இரண்டுக்குமிடையே சிக்கி உராய்கிறது. வயதும் சேர்ந்து அதை நைய வைக்கிறது.

கிழிந்த இந்த நாரைத் தைத்ததைப் பற்றி அமெரிக்காவின் போஸ்டன் நகர டாக்டர் எர்னஸ்ட் அமோரி காட்மன் 1911-ல் எழுதினார். 1934-ல் தோளைப் பற்றியே தனியாக ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அவர் காலத்தில் தோளைத் திறந்து தைத்தார்கள். இப்போது பெரும்பாலும் சிறு துவாரங்கள் வழியே குழாய்க் காமிராவை விட்டு, எலும்பில் சிறு ஆணிகளை இறக்கி, அவற்றிலுள்ள நூலால் நாரை எலும்போடு இழுத்துக் கட்டுகிறார்கள். வெளியே தெரியும் காயம் மிகச் சிறியது. நம்மவர்களை ஏமாற்றுவது இதுவே. 'மூன்று பொத்தல், அவ்வளவுதானே' என்கிறார்கள். உள்ளே நடந்திருப்பது வேறு.

ஊரில் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கட்டிய கயிறு செடியை ஒட்ட வைப்பதில்லை. ஒட்டும் வரை அசையாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவே. ஒட்டுவது இரண்டு பட்டைகளின் வேலை. அதுபோல டாக்டரின் நூலும் ஆணியும் நாரை எலும்பின்மேல் பிடித்து வைத்திருக்கின்றன. நாரும் எலும்பும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளுவதற்கு வாரங்கள் வேண்டும். ஓரளவு பலம் வந்து, தோளைப் பலப்படுத்தும் பயிற்சிகளைத் தொடங்கவே சுமார் 12 வாரமாகிறது. மூட்டை தூக்குகிற பலத்துக்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் செல்லும். அதற்குள் கையைத் தானாக உயர்த்தினால், தசை சுருங்கி நாரை இழுக்கிறது; நார் நூலை இழுக்கிறது; நூல் நைந்த நாரை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. மூட்டையைத் தூக்க வேண்டுமென்பதில்லை, கையைத் தூக்கினாலே போதும்.

ஆகவே கைத்தூளியை ஏன் அணிய வேண்டும் என்பது தெளிவு. ஆனால் தெரிந்திருந்தும் ஏன் கழற்றுகிறார்கள்? நாம் விசாரித்த வரையில் பிடிவாதத்தால் கழற்றியவர்கள் சிலரே. கழுத்து அறுக்கிறது, அக்குள் வேர்க்கிறது, தூக்கம் வரவில்லை, தொழ முடியவில்லை, கைலி நிற்கவில்லை என்று கழற்றியவர்களே பலர். இந்த அசௌகரியங்களுக்கு வழி செய்தால் கட்டு நிலைக்கும். செய்யாவிட்டால் எத்தனை எச்சரித்தாலும் நிலைக்காது. நோயாளியின் சௌகரியத்தைச் சொகுசு என்று எண்ணும் வீடுகள் நம்மிடையே உண்டு. இந்தச் சிகிச்சையில் சௌகரியமும் மருந்தே.

முதல் இரவிலிருந்து தொடங்குவோம். கழுத்தருகே நரம்பில் மரப்பு ஊசி போட்டிருந்தால், 12 முதல் 24 மணி நேரம் வரை கை மரக்கட்டை போல் கிடக்கும். வலியே இல்லை என்று நோயாளி மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருப்பார். மரப்பு பெரும்பாலும் நள்ளிரவில்தான் விலகுகிறது. விலகிய பின் மாத்திரையைத் தேடினால் வலி முந்திக்கொள்ளும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை மரப்பு விலகுமுன்பே, அவர் சொன்ன நேரப்படி போட்டுவிட வேண்டும். மரத்த கைக்குச் சூடு தெரியாது. சுடு தேநீர்க் கோப்பையையோ ஒத்தட நீர்ப் பையையோ அதன் பக்கம் வைக்கலாகாது. குளிர் ஒத்தடம் வீக்கத்துக்கு நல்லது. அதையும் துணியில் சுற்றி 15, 20 நிமிஷத்துக்கு மேல் வைக்காமல் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தூக்கம். தோள் சிகிச்சை செய்துகொண்டவர்களில் முறைப்பாடு செய்யாதவரைக் காண்பது அரிது. மல்லாந்து தட்டையாகப் படுத்தால் தோள் பின்னுக்குச் சரிந்து இழுக்கிறது. முதல் சில வாரங்களுக்குச் சாய்வு நாற்காலியிலோ, கட்டிலில் தலையணைகளை அடுக்கியோ, பாதி உட்கார்ந்தபடி சாய்ந்து தூங்குவதே சுகம். முழங்கைக்கும் மேற்கைக்கும் அடியில் ஒரு சிறு தலையணை வைத்து, படுத்திருப்பவர் தம் முழங்கையைத் தாமே பார்க்கக்கூடிய அளவுக்கு அது முன்னால் இருக்கும்படி செய்ய வேண்டும். முழங்கை பின்னால் மறைந்துவிட்டால் தோள் சரிந்துவிட்டதென்று பொருள். தூளியைத் தூக்கத்திலும் கழற்றலாகாது. விழித்திருக்கும்போது எச்சரிக்கையாயிருக்கிறவரும் கனவில் ஷட்டர் இழுப்பார்!

தூளி அணிவிக்கும் முறையை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து யார் உடன் போகிறாரோ அவர் அதைக் கவனமாகக் கற்றுக்கொள்ள வேண்டும்; நோயாளி அந்நேரம் பாதி மயக்கத்திலிருப்பார். முழங்கை பையின் பின்மூலை வரை நன்றாகச் சென்றிருக்க வேண்டும். முழங்கை மடங்கி, முன்கை தரைக்குச் சமமாக, அல்லது கைத்தலம் சற்று மேலாக இருக்கட்டும். மணிக்கட்டு பையின் விளிம்பில் தொங்கினால் விரல்கள் வீங்கும். அணிந்த பின் கண்ணாடி முன் நின்று பாருங்கள். ஒரு தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் வாரை இறுக்கிவிட்டீர்கள். இரண்டு தோளும் சமமாகத் தளர்ந்திருக்க வேண்டும். வார் கழுத்தை அறுத்தால் அவ்விடத்தில் மெல்லிய பருத்தித் துண்டை மடித்து வைத்தால் போதும்.

சிலருக்கு இடுப்புக்கும் கைக்கும் இடையே தலையணை போன்ற ஒன்றை வைத்துத் தைத்த தூளியைக் கொடுப்பார்கள். 'இது என்ன, பஸ்ஸில் உட்காரக்கூட முடியவில்லை' என்று அதை எடுத்து மூலையில் போட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். கை உடம்போடு ஒட்டும்போது மேற்புற நார் இழுபடுகிறது. கை சற்று விலகியிருந்தால் தளர்கிறது. அத்தலையணை அந்தத் தளர்ச்சிக்காகவே இருக்கிறது.

நம் நாட்டின் வெக்கையில் வேர்வைதான் பெரிய தொல்லை. கையும் மார்பும் ஒட்டும் இடத்தில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, நனைய நனைய மாற்றலாம். அக்குளைக் கழுவக் கையைத் தூக்க வேண்டியதில்லை. தூளியைக் கழற்றி, நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து முன்னே குனிந்தால், கட்டிய கை தானாகவே உடம்பைவிட்டு விலகித் தொங்கும். அந்த நிலையில் வீட்டார் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடலாம். காயத்தில் தண்ணீர் படலாமென்று டாக்டர் சொல்லும் வரை அதை நனைக்கலாகாது. வழுக்கும் குளியலறையில் ரப்பர் விரிப்பு ஒன்று அவசியம். விழப்போகிறவன் கட்டிய கையைத்தான் முதலில் ஊன்றுகிறான்.

உடுத்துவதில் ஒரே விதி: கட்டிய கைக்கு முதலில் போட வேண்டும், கடைசியில் கழற்ற வேண்டும். முன்பக்கம் முழுதும் திறக்கும் தளர்ந்த சட்டை வசதி. தலைவழியே மாட்டும் ஜுப்பாவையும் பாஜூ மெலாயுவையும் சில வாரம் பெட்டியில் வைத்துவிடலாம். கைலி விஷயந்தான் நகைப்புக்கிடமானது போல் தோன்றும், உண்மையில் ஆபத்தானது. கைலியைச் சுற்றிச் செருக இரண்டு கையும் வேண்டும். ஒற்றைக் கையால் செருகியது எந்நேரமும் அவிழலாம்; அவிழ்கிற கைலியைப் பிடிக்கக் கட்டிய கை யாரையும் கேட்காமல் பாய்ந்துவிடும். பழைய பெரியவர்கள் கட்டிய அகலமான இடுப்பு பெல்ட்டை மகனோ மனைவியோ இறுக்கிவிடட்டும்; இல்லையேல் இலாஸ்டிக் வைத்த கால்சட்டை நல்லது.

இனி ஒளுவும் தொழுகையும். இதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வெட்கம், ஆலிமிடம் கேட்கத் தயக்கம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சிலர் தொழுகைக்காகத் தூளியைக் கழற்றி, தக்பீருக்கு இரண்டு கைகளையும் உயர்த்தி, ஸுஜூதில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஐந்து வேளையும் தம் தோளுக்குத் தீங்கு தேடிக்கொள்கிறார்கள். மார்க்கம் இதை அவர்களிடம் கேட்கவில்லை. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி, நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பதன்றோ?

ஒளுவில் கழுவ வேண்டியது முழங்கை வரையே. தோளிலுள்ள கட்டு அதற்குக் குறுக்கே வருவதில்லை. தூளியிலிருந்து கையை எடுத்து, மேற்கையை உடம்போடு தளர்வாக வைத்துக்கொண்டு, டாக்டர் தடுக்காதிருந்தால் முழங்கையை மட்டும் நீட்டிக் கழுவலாம். நீர் வார்க்க மகனோ பேரனோ நிற்கட்டும். கடமையான குளிப்பு நேர்ந்து, கட்டை நனைக்கக் கூடாதிருந்தால், கட்டின்மேல் மஸஹு செய்வது, தயம்மும் செய்வது பற்றி ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் விவரங்கள் வேறுபடும். தம் பள்ளி இமாமிடம் கேட்டு நடக்க வேண்டும். தக்பீரில் கை உயர்த்துவது சுன்னத்து; நல்ல கையை மட்டும் உயர்த்தலாம். கட்டிய கை தூளியிலேயே இருக்கட்டும். தரையிலிருந்து எழும்போது நம்மையறியாமல் இரண்டு கையையும் ஊன்றுகிறோமாதலால், முதல் வாரங்களில் நாற்காலியில் அமர்ந்து சைகையால் ருகூவும் ஸுஜூதும் செய்வதைப் பற்றியும் இமாமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஜமாஅத்தில் ஸஃப்பின் ஓரத்தில், கட்டிய தோள் வெளிப்புறம் வரும்படி இடம் பிடித்தால் யாரும் இடிக்கமாட்டார்கள்.

வலக் கை கட்டுண்டவர் இடக் கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட நேர்கிறது; இடக் கை கட்டுண்டவர் சுத்தம் செய்வதற்கு வலக் கையைக் கொண்டு செல்ல நேர்கிறது. இவை தக்க காரணத்தால் வருபவை. இவற்றுக்காக மனம் குன்றித் தூளியைக் கழற்ற வேண்டியதில்லை.

தூளிக்குள் இருக்கும் கையும் முற்றிலும் சும்மா கிடக்கலாகாது. தோளுக்கு ஓய்வு, விரலுக்கு ஓய்வில்லை. விரல்களை மணிக்கு ஒரு தரமாவது மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றாவிட்டால் கை வீங்கி விறைத்துப்போகும். கட்டிய கையின் விரல்களில் ஒரு தஸ்பீஹ் மணியைக் கொடுத்துவிட்டால் திக்ரும் ஆகிறது, பயிற்சியும் ஆகிறது. தோளுக்குரிய முதல் பயிற்சி பெரும்பாலும் காட்மனின் பெயரால் வழங்கும் ஊசல் பயிற்சி: குனிந்து கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுவதால் கை ஆட வேண்டுமேயன்றிக் கையைத் தானே ஆட்டலாகாது. அதையும் பிசியோதெரபி செய்பவர் தொடங்கச் சொல்லும் நாளிலேயே தொடங்க வேண்டும். கிழிசல் சிறிதானால் முன்னதாகவும், பெரிதானால் தாமதமாகவும் சொல்வார். பக்கத்துக் கடைக்காரருக்குச் சொன்னது நமக்குப் பொருந்தாது.

நோயாளியைப் பார்க்க வருவது ஸுன்னத்து. ஆனால் வருகிறவர்கள் முஸாபஹாவுக்குக் கையை இழுப்பதும், 'என்ன முதலாளி, எப்படி இருக்கிறீர்கள்?' என்று தோளிலேயே தட்டுவதும் நடக்கிறது. பெருநாள் வந்துவிட்டால் கட்டித் தழுவல் வேறு. நோயாளியின் மகன் வாசலிலேயே நின்று எச்சரித்துவிடலாம். மரியாதைக் குறைவென்று யாரும் எண்ணமாட்டார்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இன்னும் அதிகம் கவனிக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் காயம் சீழ்ப்பிடிக்க இடமுண்டு; தோள் இறுகிப்போவதும் இவர்களுக்கே அதிகம். வீட்டிலிருக்கிறாரே என்று ஜிலேபியும் பாலாடைத் தேநீரும் வந்துகொண்டேயிருக்கும், மறுக்க வேண்டும். சிகரெட் பிடிப்பவருக்கு நார் ஒட்டுவது தாமதப்படுகிறது. கட்டுப் போட்டிருக்கும் வரையிலாவது விட்டால், பிறகு தொடங்காமலே இருந்துவிடவும் கூடும்.

நம் முன்னோர் ரணசிகிச்சையை அறியாதவர்களல்லர். அந்தலூஸ் நாட்டில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டு வாக்கில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், 30 பாகங்கொண்ட தம் மருத்துவ நூலின் கடைசிப் பாகத்தை ரணசிகிச்சைக்கென்றே எழுதினார்கள்; எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் அதில் இடமுண்டு. கட்டுப் போடுவதும் கட்டுக்குள் பொறுத்திருப்பதும் நமக்குப் புதிதல்ல.

கடைக்கு வருவோம். முதலாளி ஆறு வாரம் வராவிட்டால் கடை படுத்துவிடும் என்ற அச்சம் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். சிறு கடைகளுக்கு அது மெய்யான கஷ்டம். ஆனால் ரணசிகிச்சை நாள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவது. சரக்கு வரும் தேதிகளை மாற்றலாம். ரமலானுக்கும் பெருநாளுக்கும் முந்திய வியாபார மாதத்தில் நாள் குறிக்காமலிருக்கலாம். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே கொடுத்துப் பழக்கலாம். டாக்டர் அனுமதித்த பின் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதற்குக் கை தேவையில்லை. தூளி அணிந்து கார் ஓட்டலாகாது. பிறர் ஓட்டி வரட்டும். தூளி கழன்ற பிறகும் முதலில் பேனா, பிறகு தட்டு, வெகு நாள் கழித்தே மூட்டை. ஷட்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் மேலே சொன்ன ஜவுளி வியாபாரி இரண்டாம் சிகிச்சைக்குப் பின் ஷட்டருக்கு மோட்டார் வைத்துவிட்டார். முதலிலேயே வைத்திருந்தால் செலவு குறைந்திருக்கும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். அவர் வலக் கை இன்றும் காது மட்டத்துக்கு மேல் போவதில்லை.

வீட்டார் அறிய வேண்டியது இன்னும் ஒன்று. காய்ச்சல், காயத்தில் சிவப்போ நீரோ சீழோ காணுதல், மரப்பு விலகிய பின்னும் விரல்கள் நீலித்து அல்லது உணர்ச்சியற்றிருத்தல், மாத்திரைக்கு அடங்காமல் ஏறும் வலி, கெண்டைக்கால் வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது கண்டாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் கடையைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடலாகாது.